தகரக் கூரையில் ஒழுகாத புகைபோக்கி

ஊர் திரும்பும் குடும்பங்கள் பலவும் முதலில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அதன் ஒரு பக்கத்திலேயே அடுப்பையும் வைக்கின்றன. விறகுப் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். அடுப்படியில் நிற்கும் தாயும் அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையுமே அதைக் கூடுதலாகச் சுவாசிக்கின்றனர். புகைபோக்கி வைத்தால் இது குறையும். ஆனால் தகரத்தில் பிழையாக ஓட்டை வெட்டினால் மாரி மழை வீட்டுக்குள் வரும். எனவே ஐப்பசி மழைக்கு முன்பே இந்த வேலையை முடியுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியவை

* வளவிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் இரும்புக் குழாய், தகரப் பேணி எதையும் புகைபோக்கிக்காக எடுக்காதீர்கள். அது வெடிக்காத வெடிபொருளாக இருக்கலாம். தொடாமல் விலகி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.
* பிளாஸ்டிக் குழாய் சூட்டில் உருகும். அஸ்பெஸ்டஸ் குழாயையோ சீற்றையோ வெட்டினால் வரும் தூசு நுரையீரலுக்கு ஆபத்தானது. இவை இரண்டும் வேண்டாம். கடையில் வாங்கிய 6 அங்குலத் தகரக் குழாய் போதும்.
* ஈரக் கூரையில் ஏறாதீர்கள். ஏணியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கூரையில் ஆணி வரிசை தெரியும் இடத்தில், அதாவது கீழே மரம் உள்ள இடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

இடத்தைத் தெரிவு செய்தல்

குழாய் முகட்டிலிருந்து சுமார் 2 அடி கீழே வெளியேறுவது நல்லது. கூரையின் அடிப்பக்கத்தில் வைத்தால் மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் முழுவதும் குழாயில் மோதும். முகட்டுக்குக் கிட்ட அந்தத் தண்ணீர் குறைவு.

குழாய்க்கும் கைமரம், சலாகை, கிடுகு ஆகியவற்றுக்கும் இடையே 18 அங்குலம் இருக்க வேண்டும். மரத்தில் அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், மரத்திலிருந்து 1 அங்குலம் தள்ளி ஒரு தகரத் தகட்டைப் பொருத்துங்கள். அப்போதும் 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கிடுகுக் கூரைக்குள்ளால் இந்தக் குழாயைக் கொண்டு போகவே வேண்டாம்.

செய்யும் முறை

1. அடுப்பின் புகைவாய்க்கு நேர் மேலே குண்டுநூல் பிடித்து, உள்ளிருந்து ஓர் ஆணியால் தகரத்தைத் துளைத்து நடுவை அடையாளமிடுங்கள்.

2. அந்த நடுவில் 8 அங்குல ஓட்டை வெட்டுங்கள். குழாயைச் சுற்றி 1 அங்குல இடைவெளி இருக்கும். வெட்டிய தகரத் தூளைத் துடைத்து விடுங்கள். அது கிடந்தால் கூரை கறள் பிடிக்கும்.

3. 2 அடி அகலமும் 3½ அடி நீளமும் உள்ள மட்டத் தகடு ஒன்றில் அதே அளவு ஓட்டை வெட்டி, அதில் 4 அங்குல உயரமான கழுத்து ஒன்றை ஒட்டித் தரும்படி தகர வேலை செய்பவரிடம் கேளுங்கள். கழுத்து நேராக நிற்கும்படி அதன் அடியைக் கூரைச் சரிவுக்கு ஏற்ப வெட்ட வேண்டும்.

4. தகட்டின் மேல் நுனியை முகட்டுத் தகரத்துக்கு அடியில் செருகுங்கள். கீழ் நுனி கூரைத் தகரத்துக்கு மேலே படிய வேண்டும். கிடுகு வேயும்போதும் மேல் வரிசைதான் கீழ் வரிசையை மூடுகிறது. இங்கும் அதே முறைதான். கீழ் நுனியைக் கூரைக்கு அடியில் செருகினால் தண்ணீர் உள்ளே வரும்.

5. றப்பர் வாசர் போட்ட ஆணிகளைத் தகரத்தின் மேட்டில் மட்டும் அடியுங்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்.

6. குழாயைக் கழுத்துக்குள்ளால் ஏற்றுங்கள். அது கூரை கடக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடிக்குள் உள்ள முகட்டை விட 2 அடி உயர்ந்தும் இருக்க வேண்டும். கூரைக்கு மேலே குழாயில் பொருத்து இருக்கக் கூடாது.

7. கழுத்துக்குச் சற்று மேலே, குழாயைச் சுற்றிக் குடை போன்ற தகர வளையத்தை இறுக்கிப் பூட்டுங்கள். அது கழுத்தை மூடி நிற்கும். குழாயில் வழியும் மழை அதன் மேலால் வெளியே போய்விடும்.

8. குழாயின் பாரத்தை அடுப்பும் சுவரும் தாங்க வேண்டும், கூரைத் தகரம் அல்ல. சோளகக் காற்றுக்கு அசையாதபடி மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள். உச்சியில் தொப்பி வைத்து, இடையில் புகை போக 4 அங்குலம் விடுங்கள்.

சீமெந்தால் அடைக்கலாமா?

வேண்டாம். தகரம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சீமெந்து அப்படி அசையாது, அதனால் வெடிக்கும். தார் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். மேலே சொன்ன முறையில் தண்ணீரைத் தடுப்பது தகட்டின் அமைப்பு. பூச்சு தேவையில்லை.

சோதித்துப் பாருங்கள்

அடுப்பு மூட்டுமுன் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வாளித் தண்ணீரை முதலில் தகட்டின் கீழ் நுனியிலும், பிறகு கழுத்தருகிலும், கடைசியாக முகட்டிலும் ஊற்ற வேண்டும். எந்த இடத்தில் ஊற்றும்போது சொட்டுகிறதோ அங்கேதான் பிழை.

மாதம் ஒருமுறை அடுப்பு ஆறிய பின் குழாயைத் தட்டிக் கரியை விழுத்துங்கள். கரி தடித்தால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். புகைபோக்கி இருந்தாலும் குசினி யன்னலைத் திறந்தே வையுங்கள். இரவில் தணல் கிடக்கும்போது கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அங்கே படுக்காதீர்கள்.