அகவலுக்கு மெட்டு அமைப்பது எப்படி?

கேள்வி: ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் சில காட்சிகளுக்கு வீட்டிலேயே இசையமைத்து, ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: அவசியம் செய்யுங்கள். சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட அந்த நாடகத்தை நாம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு நிறுத்திவிடுகிறோம். எம்.எஸ்.விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்த அந்த வாழ்த்தைத் தாண்டி உள்ளே போனால், உரையாடல் பெரும்பாலும் அகவல் எனப்படும் ஆசிரியப்பாதான். பேச்சுக்கு மிக நெருக்கமான யாப்பு அது.

ஆகவே தாளத்தோடு தொடங்காதீர்கள். பாத்திரமாகவே நின்று காட்சியைப் பேசிப் பதிவு செய்யுங்கள். அடிக்கு நான்கு சீர் என்றாலும், பொருள் அடுத்த அடிக்கும் ஓடும்; அது முடியுமிடத்தில் மூச்சு விடுங்கள். கோபத்தில் எந்தச் சீர் உயர்கிறது, தயக்கத்தில் எது தாழ்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டின் ஏற்ற இறக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு ஒரு டிராக்கில் தம்புரா சுருதி, இன்னொன்றில் குரல். சுருதியை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் வைத்தால் மைக்கில் ஏறிவிடும். குரலின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சில விநாடி அறையின் அமைதியையும் பதியுங்கள். மிச்ச இரைச்சலைக் குறைக்க மென்பொருளுக்கு அந்த மாதிரி வேண்டும். வாத்தியங்களைக் கடைசியில், பேச்சின் இடைவெளிகளில் சேருங்கள். ரிவெர்ப் கொஞ்சம் போதும். எந்தச் சொல்லும் மங்கக் கூடாது. முதல் முயற்சிக்குப் பத்து அடி போதும்.