பழைய மாணவரும் கலாசாலை நிதியும்



பாளையங்கோட்டை அர்ச். சவேரியார் கலாசாலையிலும், திருச்சி அர்ச். சூசையப்பர் கலாசாலையிலும் படித்தவர்கள் நம் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது தாங்கள் படித்த இடத்திலிருந்து ஒரு கடிதம் வரும். இந்நாளில் கைப்பேசியிலும் வரும். பழைய மாணவர் கூட்டம், புதுக் கட்டடம், ஏழை மாணவர் உதவி நிதி என்று ஏதாவது ஒன்று அதில் இருக்கும். "மறுபடியும் பணமா?" என்று சொல்லி மூடி வைத்துவிடுகிறவர்கள் பலர். ஒரு கத்தோலிக்கக் கலாசாலைக்காக நிதி திரட்டுகிறவர் எப்படிக் கேட்க வேண்டும், அதில் படித்தவர் எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த வாரத்துப் பாடம்.

முதலாவது, பணம் எதற்கு என்று தெரிந்துகொள்வோம். சூசையப்பர் கலாசாலை 1844-ம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்தது. சவேரியார் கலாசாலை 1923-ல் பிறந்தது. இரண்டும் சேசு சபைக் குருக்களின் பிரயாசையால் உண்டானவை. வெகுகாலம் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்க மானியம் தாங்கி வந்தது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் தோன்றிய புதிய பாடப்பிரிவுகள் பெரும்பாலும் மானியம் இல்லாத சுயநிதிப் பிரிவுகளே. ஆகையால் ஒரே மதிலுக்குள் இரண்டு விதமான கட்டணம் உண்டாயிற்று. மானியப் பிரிவில் இடம் கிடைத்த பிள்ளை கொஞ்சம் கட்டுகிறது. அடுத்த வகுப்பறையில் சுயநிதிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை பல மடங்கு கட்டுகிறது. அந்த இரண்டாவது பிள்ளை யார்? நூற்பு மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறவருடைய மகனாயிருக்கலாம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவருடைய மகளாயிருக்கலாம். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். சுயநிதிக் கட்டணத்துக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் காணாது. அந்தக் குறையை யாராவது ஒருவர் தாங்காவிட்டால், பிள்ளை முதல் பருவத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடும். நாம் பேசுகிற நிதியின் பொருள் இதுதான்.

இனி, கேட்கும் முறை. திருச்சபையில் நிதி திரட்டுவதைப் பற்றி எழுதப்பட்டவைகளில் மிகப் பழையதும் மிகச் சிறந்ததும் அர்ச். சின்னப்பருடைய நிருபங்களில் இருக்கிறது. ஜெருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் பணம் சேர்த்தார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் 8, 9-ம் அதிகாரங்களை வீட்டில் ஒரு முறை நிதானமாய் வாசித்துப் பாருங்கள். கலாசாலையில் இந்த வேலையை ஏற்கிற எவரும் அவற்றைத் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அப்போஸ்தலர் வெட்கப்பட்டுக் கேட்கவில்லை, அதட்டியும் கேட்கவில்லை. மனமில்லாமலும் கட்டாயத்தினாலும் ஒருவரும் கொடுக்க வேண்டாம் என்கிறார். தரித்திரரான மசேதோனியர் தங்கள் சக்திக்கு மேல் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறார். போன வருஷமே ஆரம்பித்தீர்களே, அதை முடியுங்கள் என்று கொரிந்தியருக்கு ஞாபகமூட்டுகிறார். முதல் நிருபத்தின் 16-ம் அதிகாரத்திலோ, வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கட்டும், நான் வந்த பிறகு வசூல் வேண்டாம் என்று ஏற்பாடு செய்கிறார்.

இவை எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பணத்தை எடுத்துப் போக அவர் தாம் ஒருவராய்ப் புறப்படவில்லை. தீத்துவையும், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும், வேறொருவரையும் கூட்டுச் சேர்க்கிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் ஒருவரும் நம்மைக் குறைசொல்ல இடமிருக்கலாகாது என்று காரணமும் சொல்லுகிறார். சின்னப்பரையே சந்தேகிப்பார் உண்டோ? ஆனாலும் சாட்சிகளை வைத்தார். இதற்கு மாறாக நடந்ததன் பலனைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகலாம். வாஷிங்டன் நகரில் கத்தோலிக்கச் சர்வகலாசாலை 1889-ல் திறக்கப்பட்டது. கால்டுவெல் என்ற இளம் சீமாட்டி கொடுத்த 3 லட்சம் டாலரே அதன் முதல் ஆதாரம். சர்வகலாசாலையின் மூலதனத்தைக் கையில் வைத்திருந்த பொக்கிஷதாரர் 1904-ல் திவாலாகிவிட்டார். அதில் பெரும்பகுதி அவரோடு போயிற்று. அந்நாட்டுப் பங்குகளில் வருஷந்தோறும் சர்வகலாசாலைக்கென்று காணிக்கை எடுக்கும் வழக்கம் அதற்கு முந்தின ஆண்டு, 1903-ல், தொடங்கியிருந்தது. பெரிய சீமாட்டியின் பணம் கரைந்து நின்ற வேளையில், ஊர் பேர் தெரியாத பங்கு மக்களின் சில்லறைதான் கைகொடுத்தது.

அர்ச். இஞ்ஞாசியாரும் இந்தப் பாடத்தைத் தம் வயிற்றினால் படித்தவர். பாரிஸ் சர்வகலாசாலைக்கு 1528-ல் வந்தபோது அவர் கைப்பணம் சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. தினமும் பிச்சை எடுத்தால் பாடம் போய்விடுகிறது. எடுக்காவிட்டால் சாப்பாடு போய்விடுகிறது. ஒரு துறவி சொன்ன யோசனைப்படி வருஷத்தில் ஒரு தரம் பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய், அங்கே வியாபாரம் செய்த ஸ்பெயின் தேசத்தாரிடம் வருஷம் முழுமைக்கும் வேண்டியதைக் கேட்டு வாங்கி வந்தார். மூன்றாம் முறை இங்கிலாந்துக்கும் போனார். நிதி கேட்கிறவர் வருஷம் முழுதும் கையை நீட்டிக்கொண்டே இருந்தால் கேட்கிறவருக்கும் கெடுதி, கொடுக்கிறவருக்கும் சலிப்பு. வருஷத்தில் ஒரு காலம், ஒரு காரியம், தெளிவான ஒரு தொகை என்பது இஞ்ஞாசியார் கண்ட வழி.

பிற்காலத்தில் அவர் எழுதின சேசு சபைச் சட்டங்களின் நாலாம் பாகம் கலாசாலைகளைப் பற்றியது. அது எதிலிருந்து தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? பாடத்திட்டத்திலிருந்து அல்ல, உபகாரிகளிடமிருந்து. கலாசாலையை ஸ்தாபித்தவருக்காகவும் மற்ற உபகாரிகளுக்காகவும் வாரந்தோறும் பூசை வைக்க வேண்டும். வருஷந்தோறும் ஸ்தாபித்த நாளில் அவருக்கோ அவர் சந்ததியாருக்கோ ஒரு மெழுகுதிரியைக் கொடுக்க வேண்டும். ஒரு மெழுகுதிரிதான்! அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன் பணம் கொடுத்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம் கூடப் போகாத இடங்கள் இதை யோசிக்கலாம்.

நம் ஊர் வழக்கத்தில் இதற்கு ஓர் உதாரணம் கண்முன் இருக்கிறது. கலியாண வீட்டு வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறார்களே, அந்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை என்று 51 ரூபாயும் விடாமல் ஏறும். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு காரியம் என்றால் பரணிலிருந்து நோட்டு இறங்கும். பட்டம் வாங்கி வெளியே போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரை, ஒரு சாதாரணக் கலியாண வீடு வைத்திருக்கிற ஒழுங்கோடாவது வைத்திருக்கிற கலாசாலைகள் எத்தனை? பழைய மாணவர் தொடர்புக்குத் தலைவராயிருக்கிறவரின் முதல் வேலை நிதி கேட்பதல்ல, இந்த நோட்டை எழுதுவது. யார் எந்த வருஷம் படித்தார், எந்த விடுதியில் இருந்தார், இப்போது எங்கே, வீட்டில் துக்கமா சந்தோஷமா என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிற குருவானவரைவிட, விடுதிச் சமையல்காரர் பெயரைக் கூட மறக்காமல் வைத்திருக்கிற ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இதற்குத் தகுந்தவர் என்பது என் அபிப்பிராயம்.

மொய்க்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் உண்டு. மொய், கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும். கலாசாலைக் கடன் கொடுத்தவருக்குத் திரும்புவதில்லை. அடுத்து வருகிற பிள்ளைக்குப் போகிறது. ரோமருக்கு எழுதின நிருபம் 15-ம் அதிகாரத்தில் சின்னப்பர் சொல்லுகிற நியாயமும் இதுவே: பிறரிடமிருந்து ஞான நன்மைகளைப் பெற்றவர்கள் உலகப் பொருளால் உதவக் கடன்பட்டவர்கள்.

இங்கே சிலர் ஆட்சேபிப்பர். "பணக்காரர்கள் கொடுக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.க்கு 2024-ல் ஒரே பழைய மாணவர் 228 கோடி ரூபாய் கொடுத்தாரே, அப்படி நம் கலாசாலைக்கும் ஒருவர் வராமலா போவார்?" வந்தால் ஸ்தோத்திரம். ஆனால் வாத்தியாரும் கிளார்க்கும் கன்னியாஸ்திரீகளும் மில் சூப்பர்வைசருமாய்ப் பிள்ளைகளை அனுப்புகிற சிறு கலாசாலை அப்படி ஒருவருக்காகக் காத்திருக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் மலையாள நாட்டில் அர்ச். சாவரா குரியாக்கோஸ் பிடியரிசி எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே வைப்பார்கள். பள்ளிக்கூடத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு. அவர் தம் தோழரோடு 1831-ல் மன்னானத்தில் தொடங்கின சபைதான் 1969-ல் பெங்களூரில் கிறைஸ்ட் கலாசாலையைத் தொடங்கிற்று. அது 2008-ல் சர்வகலாசாலை அந்தஸ்து பெற்றது. போலந்து தேசத்து லூப்ளின் கத்தோலிக்கச் சர்வகலாசாலைக்கு 1922-லேயே ஒரு நண்பர் சங்கம் உண்டாயிற்று. கம்யூனிஸ்டு ஆட்சிக் காலத்தில் அந்தச் சர்வகலாசாலை பெரிதும் விசுவாசிகளின் காணிக்கையால் உயிர் பிழைத்தது. பிற்காலத்தில் பரிசுத்த பாப்பரசரான இரண்டாம் அருள் சின்னப்பர் 1954 முதல் அங்கே பாடம் சொன்னவர்.

நம் பக்கத்து மண்ணுக்கும் இது புதிதல்ல. ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா, சென்னை மாகாண முதன்மந்திரியாயிருந்தவர், தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து லோக்சபைக்குப் போன காமராஜர், முதன்மந்திரியான பின் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராய் நடத்தச் செய்தார். பெஞ்சியும் கடிகாரமும் கரும்பலகையும் கட்டட நிலமுமாய் ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே கேட்கப்பட்டது வெறும் "நன்கொடை" அல்ல. இந்தப் பள்ளிக்கு இத்தனை பெஞ்சி குறைகிறது என்று கேட்டார்கள். ஆகையால் கொடுத்தவன் தன் பெஞ்சியைத் தன் கண்ணால் பார்த்தான்.

இன்னொரு ஆட்சேபம்: "நான் படித்த நாளில் கட்டணம் கட்டித்தானே படித்தேன், என்ன கடன்?" கட்டின கணக்கை எடுத்துப் பாருங்கள். மானியப் பிரிவில் படித்தவரானால் ஆசிரியர் சம்பளம் நீங்கள் கட்டின பணத்திலிருந்து வரவில்லை. கட்டடம் நீங்கள் பிறப்பதற்கு முன்னே வேறு யாரோ கொடுத்தது. இதற்குமேல் நான் வாதாட விரும்பவில்லை.

வெளிநாட்டிலிருக்கிற நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவராயிருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நிதியே. அதை வாங்கக் கலாசாலைக்கு 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ல் செய்த திருத்தத்தின்படி அது டில்லி ஸ்டேட் பாங்கு பிரதானக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். ஆகையால் அண்ணன் கணக்கிலும் மைத்துனர் கணக்கிலும் போட்டு அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு செய்து கலாசாலையை வழக்கில் மாட்டிவிடுவீர்கள். உள்ளூரில் கொடுக்கிறவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாய்க் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இந்தச் சலுகை இல்லை. எதுவானாலும் ரசீது கேளுங்கள். ரசீது கேட்பது அவமரியாதை அல்ல. தீத்துவை அனுப்பினவர் சின்னப்பர்.

நம் பங்கில் இந்தக் கலாசாலைகளிலோ வேறு கத்தோலிக்கக் கலாசாலைகளிலோ படித்தவர்கள், தங்கள் பெயர், படித்த வருஷம், பாடம் இவைகளை ஒரு தாளில் எழுதி ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரிடம் கொடுங்கள். தொகை ஒன்றும் எழுத வேண்டாம். இந்த ஆண்டு கலாசாலையில் சேர்ந்திருக்கிற நம் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும், கட்டணத்தில் குறைகிறது எவ்வளவு என்று என்னிடம் தனியாய் வந்து சொல்லலாம்.