திசை மாறிய கோசி

எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா ஆகிய சிகரங்களின் சரிவுகளில் வழியும் நீர் ஏழு ஆறுகளாக இறங்கி நேபாளத்தில் ஒன்றுசேர்கிறது. அவ்வாறே கோசி. பீகாருக்குள் நுழைந்து கங்கையில் கலக்கும் இதற்குப் 'பீகாரின் துயரம்' என்னும் பெயரும் உண்டு.

கோசி நீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மலையின் மண்ணையும் மணலையும் அரித்துச் சுமந்து வருகிறது. சமவெளியை அடைந்ததும் வேகம் குறைய, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. படுகை மேடாகிறது. ஆறு பள்ளம் தேடிப் புதுவழியில் பாய்கிறது. இவ்வாறே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது!

இவ்வலைச்சலைத் தடுக்க 1954இல் இந்தியாவும் நேபாளமும் உடன்படிக்கை செய்துகொண்டன. பீம்நகர் அருகே 56 மதகுகள் கொண்ட கதவணையும், ஆற்றின் இருபுறமும் நெடுங்கரைகளும் எழுந்தன. ஆறு அடங்கியது, வண்டல் அடங்கவில்லை. முன்பு பரந்த நிலமெங்கும் படிந்த வண்டல் இப்போது இரு கரைகளுக்கு நடுவிலேயே குவிந்தது. நாளடைவில், வெளியிலுள்ள வயல்களைவிட உயரத்தில் ஆறு ஓடலாயிற்று. கரைகளுக்கு இடையே அகப்பட்ட சிற்றூர்களோ ஆண்டுதோறும் வெள்ளத்தில் மிதந்தன. அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

2008 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே நேபாளத்தின் குசகா என்னும் ஊரருகே கிழக்குக் கரையை ஆறு அரிக்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 18 அன்று கரை உடைந்தது. இதனை 'உடைப்பெடுத்தல்' என்பர் காவிரிக்கரை உழவர். கதவணையோ நொடிக்கு 9.5 லட்சம் கனஅடி நீரைக் கடத்துமாறு கட்டப்பட்டது. அன்று ஓடிய நீர் 2 லட்சம் கனஅடியைக்கூட எட்டவில்லை. ஆகவே மழையின்மேல் பழிபோட்டுத் தப்ப இயலாது. அரிப்பு தெரிந்த பின்னும் கரை காலத்தில் காக்கப்படவில்லை.

உடைப்பின் வழியே வந்தது மிகுநீர் மட்டுமன்று; ஆற்றின் பெரும்பகுதியே திசை மாறித் தன் பழைய தடங்களில் பாய்ந்தது. சுபால், மதேபுரா, அரரியா, சகர்சா, பூர்ணியா மாவட்டங்கள் நீரில் மூழ்கின. அங்குள்ளோர் பல தலைமுறைகளாகக் கோசி வெள்ளத்தைக் கண்டவர் அல்லர். ஆதலால் படகுகளும் போதிய அளவில் இல்லை. கூரைகளிலும் இருப்புப்பாதை மேடுகளிலும் மக்கள் நாள்கணக்கில் காத்திருந்தனர். 30 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2 லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்திலும் பல்லாயிரவர் வீடிழந்தனர்.

மழை நின்றதும் வடியும் வெள்ளமன்று இது. உடைப்பை அடைத்து ஆற்றைத் திருப்பச் சில மாதங்கள் ஆயின. நீர் வடிந்த வயல்களில் நெல்லுக்குப் பதிலாக மணல் கிடந்தது. பயிரிட வழியின்றி உழவர் பலர் பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களுக்குச் சென்றனர்.

சொற்பொருள்: படுகை – ஆறு ஓடும் அடிநிலம், வண்டல் – நீர் கொண்டுவந்து படியவைக்கும் மண், மதகு – நீரைத் திறந்துவிடும் கதவுள்ள வழி.

பயிற்சி
1. நீர்வரத்து குறைவாக இருந்தும் கரை உடைந்தது ஏன்?
2. கரைகள் கட்டியபின் வண்டல் படியும் இடம் எவ்வாறு மாறியது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்தம் ஊர் ஆறு அல்லது ஏரி உடைப்பெடுத்த செய்தியைக் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.