பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்

யூரின் டியூப் போட்டுப் படுத்திருக்கும் பெரியவருக்குக் கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தால், மெடிக்கலுக்கு ஆள் அனுப்பாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர் எல்லோருக்கும் இதேதான். மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தடுமாறுகிறது, அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை, கைகால் சில்லிட்டுவிட்டது என்றால் கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரும். "உடம்பு சுடலையே" என்று ஒரு ராத்திரியைக் கழிப்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இப்படிக் கிருமி ஏறி ரத்த அழுத்தம் விழுந்த பிறகு, சரியான ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைத்தவர்கள் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தார்கள் என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து என்பதுதான் இன்றைய சர்வதேச வழிகாட்டுதல். ஆனால் எது சரியான மருந்து? ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்து, எதற்கு அடங்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை டாக்டர் ஊகத்தில்தான் மருந்து போடுகிறார். ஊகம் தப்பாமலிருக்க வேண்டிய துப்பு பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

நம் ஊர்களில் சர்வசாதாரணமாகப் போடும் ஊசி செஃப்ட்ரியாக்ஸோன். அதற்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா கிருமிகள் ரத்தத்தில் இருந்தவர்களை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மெரோபெனம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 சதவீதம். பிப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3. இரண்டுமே பெரிய மருந்துகள்தான்! சில மாதங்களுக்கு முந்தைய யூரின் கல்ச்சரில் 'ஈஎஸ்பிஎல்' (செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்காத வகை) என்று போட்டிருந்தால் டாக்டர் தேர்ந்தெடுக்கும் முதல் ஊசியே வேறாக இருக்கும். அந்தத் தாள் பீரோவில் கிடந்து என்ன பயன்?

ஒரு கவரில் பழைய கல்ச்சர் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மூன்று மாதத்துக்குள் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அட்டைகள், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். காகிதத்தில் மடித்துத் தரும் 'ஒரு செட்' மாத்திரையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வாங்காதீர்கள். ஏற்கெனவே சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்கவும் வேண்டாம். டாக்டர் திட்டுவார், திட்டட்டும்.

உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவதும் உண்டு. உதாரணத்துக்கு, திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினால், அந்த ஒரு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். திருச்சிக்குப் போனாலும் அதே கதை. கிளம்புமுன் கேளுங்கள்: "கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா? முதல் டோஸ் போட்டாச்சா? எத்தனை மணிக்கு?" பதிலை ரெஃபரல் சீட்டில் எழுதி வாங்குங்கள். கல்ச்சர் பாட்டில் இல்லையென்றால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இருந்தால், பெரியவர்களுக்கு இரண்டு இடத்தில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி எடுப்பார்கள். "இவ்வளவு ரத்தமா?" என்று தடுக்காதீர்கள், அளவு குறைந்தால் கிருமி சிக்காமல் போகும்.

நோயாளி வயல் வேலை செய்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலும் இதே வேடத்தில் வரும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகிய புண் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மெரோபெனம் எடுபடாது, விலை மலிவான டாக்ஸிசைக்ளின் கேட்கும்.

"இருக்கறதுலயே பவர் மருந்து போடுங்க" என்று மட்டும் எல்லாக் காய்ச்சலுக்கும் நெருக்காதீர்கள். மெரோபெனத்தையே உடைக்கும் என்டிஎம்-1 நொதியுள்ள கிருமிகள் சென்னையில் மட்டும் 44 கிடைத்ததாக 2010-லேயே லான்செட் குழும இதழில் வந்தது. அவற்றுக்கு மிஞ்சும் மருந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கல்ச்சர் வந்தபின் சாதாரண மருந்துக்கு மாற்றினால் சண்டைக்குப் போகாதீர்கள். அதுதான் நல்ல வைத்தியம். நாள் கணக்கும் அப்படியே. சிக்கலில்லாத ரத்தத் தொற்றுக்கு 7 நாள் சிகிச்சை 14 நாளுக்குச் சளைத்ததல்ல என்று 2024-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ரிப்போர்ட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. குறைந்தது இரண்டு வாரம், பல சமயம் அதற்கும் மேல்.