புகையானுக்கு மருந்து அடித்தும் பயிர் காய்கிறதே!

கேள்வி: ஒரு ஏக்கர் சம்பா, கதிர் வரும் பருவம். புகையானுக்கு இரண்டு தடவை மருந்து அடித்துவிட்டோம். பேட்டரி ஸ்பிரேயரில் தடவைக்கு ஆறு டேங்க். அப்படியும் வட்ட வட்டமாகக் காய்ந்துகொண்டே போகிறது. மருந்து போலியா? கடையில் சைபர்மெத்ரின் சேர்த்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா, ஐயா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: சைபர்மெத்ரின் வேண்டவே வேண்டாம். புகையானைத் தின்னும் சிலந்திகளை அது கொன்றுவிடும். பிறகு புகையான் முன்னைவிடப் பெருகும். டெல்டாமெத்ரினும் அப்படித்தான்.

மருந்தைச் சந்தேகப்படுமுன் டேங்க் கணக்கைப் பாருங்கள். உங்கள் டேங்க் 16 லிட்டர் என்றால் ஆறு டேங்குக்கு 96 லிட்டர்தான் ஆகிறது. இந்தப் பருவத்து நெல்லுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். டேங்குக்கு இவ்வளவு என்று கலந்திருந்தால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். அந்தப் பாதியும் இலைமேலேயே நின்றிருக்கும். புகையான் உட்கார்ந்திருப்பதோ தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. ஒரு குத்தை விரித்துத் தட்டுங்கள், பழுப்பாகப் பொலபொலவென்று தண்ணீரில் விழும்.

முதலில் வயலை வடியுங்கள். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் இப்போது பயிரை இரு பக்கமும் ஒதுக்கிச் சாய்த்து வழி எடுங்கள். களைக்கொல்லி அடித்த விசிறி நாசிலைக் கழற்றிவிட்டுக் கூம்பு நாசில் போடுங்கள். அதை முழங்காலுக்குக் கீழே இறக்கி, தூரைப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு சென்ட் அளந்து வெறும் தண்ணீர் அடித்துப் பாருங்கள். 2 லிட்டர் செலவானால் நடை சரி. டேங்க் கணக்கில் கூலி பேசினால் ஆள் வேகமாகத்தான் நடப்பார். நாள் கூலி பேசுங்கள்.

பைமெட்ரோசின் 50 டபிள்யூஜி ஏக்கருக்கு 120 கிராம் போதும். மறுநாள் பூச்சி உயிரோடு தெரிந்தால் பதறி வேறு மருந்து வாங்காதீர்கள். அது சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுப் பட்டினியில் சாக நாலைந்து நாள் பிடிக்கும். யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பட்டத்துக்குள் நடக்கிறவருக்குக் கால் முழுக்க மருந்து படும். முழுக்கால் சட்டை, கையுறை, முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். காற்றுக்கு எதிராக அவரை நடக்க விடாதீர்கள்.