பல ஏரியல்கள், ஒரே அலைவரிசை

இன்று நம் பிள்ளைகளின் பாடங்கள் கைத்தொலைபேசி வழியாகவும் வருகின்றன. கோபுரத்திலிருந்து வரும் அலையோ ஜோகூர்த் தோட்டங்களில் செம்பனை மரங்களிலும் மேடுகளிலும் மோதிச் சிதறுகிறது.

முன்னர் இடையூறெனக் கருதப்பட்ட இச்சிதறலைப் பயனாக்க வழி கண்டவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அவரும் தாமஸ் கைலாத்தும் கண்ட முறைக்கு 1994இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதன்படி கோபுரத்திலும் கைத்தொலைபேசியிலும் பல ஏரியல்கள் அமைகின்றன. செய்தியின் வெவ்வேறு பகுதிகள் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் செல்கின்றன. அவை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்வதால் கைத்தொலைபேசி அவற்றைப் பிரித்தறிகிறது. 4ஜி, 5ஜி இரண்டும் இம்முறையைக் கையாளுகின்றன.

ஆயினும் அலை நலிந்த இடத்தில் ஏரியல்களைப் பெருக்குவதால் மட்டும் பயன் விளையாது. கோபுரம் அருகில் வேண்டும். எனவே முறையிடும்போது, வேகம் குறைவென்பதோடு நில்லாது, அலை எவ்விடத்தில் நலிகிறது என்பதையும் தெரிவிப்போமாக.