பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த மாதப் பாடம் சேமிப்பு, உள்கடன் பற்றியது அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் லீவு நாளைப் பற்றியது.

நம் கோவில்பட்டி வட்டாரத்தில் வாரம் ஆறு நாளும் காட்டு வேலை, தீப்பெட்டி ஆபீஸ் என்று ஓடிவிடுகிறது. ஏழாவது நாள் துணி துவைக்க, வீடு மெழுக, குழுக் கூட்டத்துக்குப் போக. "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க என்ன செய்யுதுக?" என்று கூட்டங்களில் கேட்டால், "டி.வி., செல்போன், வேறென்ன மேடம்" என்றுதான் பதில் வருகிறது. கையில் அஞ்சு ரூபாய் பாக்கெட் ஒன்று. ஒரு பிள்ளைக்கு தினம் இரண்டு பாக்கெட் என்றால் மாதம் 300 ரூபாய். இரண்டு பிள்ளைகள் இருந்தால் 600. உங்கள் மாதச் சந்தாவை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்க.

ஞாயிறு முழுவதையும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் போதும். அதில் ஒரு பலகாரம், ஒரு விளையாட்டுச் சாமான்.

பலகாரம் என்றதும் கடலைமிட்டாய்தான் ஞாபகம் வரும். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய அது தோதுப்படாது. கொதிக்கிற வெல்லப்பாகு தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கவும் செய்யும். அதனால் பாகு காய்ச்சாத எள்ளுருண்டையை எடுத்துக்கொள்வோம்.

கறுப்பு எள் ஒரு டம்ளர், பொடித்த கருப்பட்டி முக்கால் டம்ளர். எள்ளை முதல் நாளே கழுவி, மண் போக அரித்துக் காயவைக்க வேண்டும். அரிப்பதும், துணியில் பரப்புவதும் பிள்ளைகள் வேலை. வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுப்பது உங்கள் வேலை. ஆறிய பிறகு உரலில் போட்டு இடிக்க வேண்டும். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்க, ஒரேயடியாக ஓட்டினால் களிம்பாகிவிடும். எள் பாதி மசிந்ததும் கருப்பட்டியைச் சேர்த்து, ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் போட்டு இடித்தால், எள்ளில் இருக்கிற எண்ணெயே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஒரு சொட்டும் விடக் கூடாது, விட்டால் கெட்டுப் போகும். பிறகு எலுமிச்சங்காய் அளவுக்குப் பிடிக்க வேண்டியதுதான். ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக வரும். வரட்டும், நீங்கள் வாங்கித் திரும்ப உருட்டாதீங்க.

எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. அதற்காக எத்தனை வேண்டுமானாலும் தின்னலாம் என்று இல்லை, கருப்பட்டியும் இனிப்புதான். நாளைக்கு ஒன்று, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஒரு விஷயம். இடிக்கிற உலக்கை மகன் கைக்கும் போக வேண்டும். "பொம்பளப்புள்ள அடுப்படியில, ஆம்பளப்புள்ள தெருவுல" என்று இதிலும் பிரித்துவிட்டால் மகளுக்கு அது இன்னொரு வேலை நாள்தான்.

விளையாட்டுச் சாமானுக்கு நுங்குக் காலத்தில் கவலையே இல்லை. நுங்கு தின்ற கூடு இரண்டு, அவற்றை இணைக்க ஒன்றரைச் சாண் குச்சி ஒன்று, தள்ளுவதற்கு நீளமான கவட்டைக் கம்பு ஒன்று. குச்சியின் இரண்டு முனையையும் பெரியவர்கள் சீவிக் கொடுத்து, ஆளுக்கொரு கூட்டில் குத்தி, நடுக்குச்சியில் கவட்டையை வைத்துத் தள்ளினால் வண்டி. மற்ற மாதங்களில் ஓலைக் காற்றாடி: இரண்டு ஓலைத் துண்டைக் குறுக்கே கோத்து, நடுவில் கருவேல முள் குத்தி, காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். கருக்குமட்டை கையை அறுத்துவிடும், ஓலையை நீங்களே கிழித்துக் கொடுங்க. கோக்கத் தெரியாவிட்டால் வீட்டுத் தாத்தாவைக் கேளுங்க. பல வீடுகளில் அவரிடம் யாரும் எதுவுமே கேட்பதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தீபாவளி நேரத்தில் சில குழுக்கள் பலகார ஆர்டர் எடுக்கின்றன. மிட்டாய் சுற்ற, பாக்கெட் போட, லேபிள் ஒட்டப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். "ஆசையாத்தான் மேடம் செய்யுதுக" என்கிறார்கள். முதல் ஐம்பது பாக்கெட்டுக்கு ஆசைதான். அதற்குப் பிறகு?

விளையாட்டுக்கும் வேலைக்கும் வித்தியாசம் தெரிய ஒரே கேள்வி கேட்டுப் பாருங்க: பிள்ளை பாதியில் எழுந்து போகலாமா? போனால் யாரும் திட்ட மாட்டார்கள் என்றால் அது விளையாட்டு. "இன்னும் நூறு இருக்கு, உட்காரு" என்றால் அது வேலை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயது நிறையாத பிள்ளைகள் எந்தத் தொழிலிலும் வேலை செய்வதைத் தடை செய்கிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கைக் காட்டிக் குழு ஆர்டரை முடிப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஒரு காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் தீப்பெட்டி அடுக்கிய வட்டாரம் இது. நம் உறுப்பினர்களிலேயே சிலருக்கு அந்த ஞாபகம் இருக்கும். அவர்களைப் பேச விடுங்க.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேச:

நம் குழுக் கூட்டம் ஞாயிறன்று நடக்கிறதா? வேறு நாள் மாலைக்கு மாற்ற முடியுமா?

ஆர்டர் வேலையில் பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை என்று தீர்மானம் போடலாமா? சம்மதமானால் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடவும்.